நட்சத்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு மங்கலான பொருட்களைத் தேடுவது எப்படி?

எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சந்திரன், வியாழன், சனி எல்லாம் பார்த்தாயிற்று. மெசியர் பட்டியலில் (கேலக்ஸி, நட்சத்திரக் கொத்து, நெபுலா எனும் வாயு மேகம் போன்ற மங்கலான பொருட்களின் பட்டியல்) மட்டும் நான்கைந்துக்கு மேல் அகப்படவில்லை. நட்சத்திர வரைபடம் வாங்கினால் உதவுமா, போனில் இருக்கும் ஆப் போதாதா, வாங்கினால் அதை எப்படிப் பயன்படுத்துவது? இதுதான் கேள்வி.

வரைபடம் கட்டாயம் வாங்குங்கள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெசியர் பட்டியலில் இருக்கும் 110 பொருட்களும் நல்ல இருட்டான வானத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கு எட்டக்கூடியவைதான். அவை கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கண்ணாடியோ கண்ணோ காரணமில்லை. சரியான இடத்தைத்தான் பார்க்கிறோம் என்ற உறுதி இல்லாததுதான் காரணம். சந்தேகத்தோடு பார்க்கிறவர் பத்து விநாடி பார்த்துவிட்டு, இங்கே இல்லை போலிருக்கிறது என்று குழாயை நகர்த்திவிடுவார். இடம் உறுதியாகத் தெரிந்தவர் அங்கேயே ஐந்து நிமிடம் நின்று பார்ப்பார். மங்கலான கேலக்ஸி அந்த ஐந்து நிமிடத்தில்தான் மெல்ல வெளியே வரும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எம் 74, அதாவது மெசியர் பட்டியலில் 74ஆம் எண். மீன ராசியில் ஈட்டா என்ற நட்சத்திரத்துக்குக் கிழக்கே, சற்று வடக்காக, 1.3 டிகிரியில் இருக்கும் கேலக்ஸி அது. இரண்டு இரவுகள் அந்தப் பகுதியைத் துழாவினேன், ஒன்றும் இல்லை. மூன்றாவது இரவு, பத்தாம், பதினோராம் பிரகாசம் (எண் கூடினால் மங்கல்) வரையிலான குட்டி நட்சத்திரங்கள் உள்ள ஒரு நெருக்கமான வரைபடத்தை அச்சிட்டு எடுத்துப் போனேன். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் தாளில் இருந்த புள்ளியோடு ஒப்பிட்டேன். கேலக்ஸி இருக்க வேண்டிய இடம் இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவேதான் என்று தெரிந்த பிறகு, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று, நான்கு நிமிடம் கழித்து மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வெளுப்பு அங்கே இருப்பது புரிந்தது. முதல் இரண்டு இரவுகளிலும் அதே இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

சரி, என்ன வரைபடம்? ஒன்று போதாது, மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, இந்த மாதம் இந்த நேரத்தில் எந்த ராசி, எந்த மண்டலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் முழு வான வட்டம். சுழற்றிப் பார்க்கும் அட்டை ஒன்று இருந்தால் போதும். வாங்கும்போது அது உங்கள் அட்சரேகைக்குச் செய்யப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, ஃபைண்டரில் (பிரதான குழாயின் மேல் பொருத்திய சிறு தொலைநோக்கி) தெரிவதோடு ஒப்பிடக்கூடிய அட்லஸ். பாக்கெட் ஸ்கை அட்லஸ் இதற்கு நல்ல உதாரணம்: 80 வரைபடங்கள், 7.6 பிரகாசம் வரையிலான நட்சத்திரங்கள், கையடக்கமான சுருள் கட்டு. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இந்த ரகத்தில் ஒன்றை வாங்குங்கள். மூன்றாவது, ஐபீஸுக்குள் தெரிவதோடு ஒப்பிட வேண்டிய மிக நெருக்கமான படம். இதைப் புத்தகமாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் அந்தந்த இரவுக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். ட்ரை அட்லஸ் என்று மூன்று ஆழங்களில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடத் தொகுப்பும் இருக்கிறது.

பிரகாச எண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மேக்னிட்யூட் என்று சொல்வது இதைத்தான். எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு, ஓர் எண் என்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இருட்டான வானத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு வரை தெரியும். 50 மி.மீ. ஃபைண்டரில் எட்டரை, ஒன்பது வரை எட்டும். உங்கள் பிரதான தொலைநோக்கியில் பதின்மூன்றைத் தாண்டும். அதனால்தான் ஒரே வரைபடம் எல்லாவற்றுக்கும் சரிவராது. 7.6 வரை உள்ள படத்தை ஐபீஸோடு ஒப்பிட்டால், தாளில் இரண்டு புள்ளி இருக்கும், கண்ணில் ஐம்பது தெரியும். பதின்மூன்று வரை உள்ள படத்தை வெறும் கண்ணோடு ஒப்பிட்டால் நிலைமை தலைகீழ். எந்தக் கருவியில் பார்க்கிறீர்களோ, அந்தக் கருவியின் ஆழத்துக்கு ஏற்ற படம் கையில் இருக்க வேண்டும்.

ஆப் போதாதா என்றால், திட்டமிடுவதற்குப் போதும், இன்னும் சொன்னால் காகிதத்தைவிட மேல். தேடும் நேரத்தில்தான் சிக்கல். போனை வானத்துக்கு நேரே பிடித்தால் அதன் திசைகாட்டி சில டிகிரி விலகிச் சொல்வது சாதாரணம். உங்கள் ஐபீஸின் பார்வைப் பரப்போ ஒரு டிகிரிதான். திரையை விரலால் பெரிதாக்கி, சிறிதாக்கிக்கொண்டே இருப்பதால் அளவு பற்றிய உணர்வும் கையில் நிற்காது. எது ஒரு டிகிரி, எது ஐந்து டிகிரி என்று தெரியாமல் போய்விடும். காகிதத்தில் அளவு மாறாது. பத்து இரவுகளில் கண்ணுக்கு அந்த அளவு பழகிவிடும். இதுதான் அதன் பெரிய பலம். அப்புறம் வெளிச்சம், அது இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். திரையைச் சிவப்பாக்கினாலும் பின்னால் இருக்கும் விளக்கு முழுவதும் அடங்குவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: உங்கள் கருவியில் ஒரே நேரத்தில் வானத்தின் எவ்வளவு பரப்பு தெரிகிறது, அதில் எந்தப் பக்கம் எந்தத் திசை. இந்த இரண்டும் தெரியாமல் எவ்வளவு நல்ல அட்லஸ் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவதும் இந்த இரண்டைத்தான்.

பரப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோடு) மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். ஓரியன் பெல்ட்டில் வடக்கு ஓரத்தில் இருக்கும் மின்டாகா கச்சிதமாக உதவும். அதை ஐபீஸின் ஒரு விளிம்பில் வைத்து, குழாயைத் தொடாமல், நடுவழியாகக் கடந்து மறு விளிம்பில் மறையும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நிமிடங்களை 15 ஆல் பெருக்கினால் ஆர்க் நிமிடத்தில் விடை வரும். 60 ஆர்க் நிமிடம் ஒரு டிகிரி. உங்கள் தொலைநோக்கி 1200 மி.மீ. குவியத் தொலைவு உள்ளதாக இருந்து, 25 மி.மீ. ப்ளோசல் ஐபீஸ் போட்டிருந்தால், 48 மடங்கு பெருக்கத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி கிடைக்கும். முழு நிலவு இரண்டை அருகருகே வைத்த அகலம். 8x50 ஃபைண்டரில் ஐந்து, ஆறு டிகிரி தெரியும். வெறும் கண்ணுக்கு உங்கள் கையே அளவுகோல்: கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி, நடு மூன்று விரல்கள் சேர்ந்து ஐந்து, மூடிய முஷ்டி பத்து.

அளந்தாயிற்று என்றால் அதைத் தாளுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் அட்லஸில் பக்கவாட்டில் டெக்ளினேஷன் அளவு போட்டிருக்கும். வானத்துக்கான அட்சரேகை அது. ஐந்து டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து, ஃபைண்டருக்கு ஒரு வட்டம், குறைந்த பெருக்க ஐபீஸுக்கு ஒரு வட்டம் என்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்தும்போதுதான், ஃபைண்டரில் என்ன தெரியப்போகிறது என்பது முன்கூட்டியே கண்ணில் படும். நான் செய்த கருவிகளிலேயே மிகவும் உபயோகமானது இந்தப் பிளாஸ்டிக் துண்டுதான். பெருக்கிக் காட்டாமல், வானத்தின் மேல் சிவப்பு வளையம் மட்டும் காட்டும் டெல்ராட் என்ற குறிகாட்டி வைத்திருப்பவர்களுக்கு அரை, இரண்டு, நான்கு டிகிரி என்ற மூன்று வட்டங்கள் போதும்.

திசை கொஞ்சம் குழப்பும். வான வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடது பக்கம் இருக்கும். பூமி வரைபடத்துக்கு நேர்மாறு. நாம் கீழே தரையைப் பார்க்கவில்லை, மேலே அண்ணாந்து பார்க்கிறோம் என்பதால்தான் அப்படி. தாளைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தால் உடனே பொருந்திவிடும். தொலைநோக்கிக்குள் இன்னொரு மாற்றம் சேரும். டாப்சோனியன் போன்ற நியூட்டன் வகைக் கருவியில் படம் சுழன்று தெரியும், ஆனால் இடம் வலம் மாறாது. ஆகவே பக்கத்தைத் தலைகீழாகவோ சாய்வாகவோ திருப்பினால் ஏதோ ஒரு கோணத்தில் நிச்சயம் பொருந்தும். நேராக உள்ளே பார்க்கும் ஃபைண்டரும் அப்படித்தான். 90 டிகிரி வளைக்கும் கண்ணாடி வைத்த லென்ஸ் தொலைநோக்கிகளில் விஷயம் வேறு: அங்கே படம் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலம் மாறியிருக்கும். தாளை எப்படிச் சுழற்றினாலும் அதோடு பொருந்தாது. அப்படிப்பட்ட கருவிக்கு மென்பொருளில் படத்தை இடவலமாகப் புரட்டி அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் தாளின் பின்பக்கம் வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும். ஃபைண்டரில் பட்டகம் வைத்து நேர்ப் பிம்பம் தரும் ரகமும் கிடைக்கிறது. அதில் தெரிவது வெறும் கண்ணோடும் தாளோடும் அப்படியே ஒத்துப்போகும். உங்கள் தொலைநோக்கியில் ஏதாவது ஒன்றை மாற்ற நினைத்தால், நான் முதலில் மாற்றச் சொல்வது ஃபைண்டரைத்தான்.

ஐபீஸில் எது மேற்கு என்பதற்கு ஒரு எளிய வழி: குழாயைத் தொடாமல் விடுங்கள். நட்சத்திரங்கள் எந்த விளிம்பில் வெளியேறுகின்றனவோ அது மேற்கு. குழாயின் முனையைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் லேசாகத் தள்ளினால், புது நட்சத்திரங்கள் எந்த விளிம்பில் நுழைகின்றனவோ அது வடக்கு. ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் இதை ஒரு தடவை செய்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை.

முதலில் ஒரு சுலபமான தேடல். விருச்சிகத்தில் கேட்டை நட்சத்திரம் சிவப்பாக, தவறவிட முடியாதபடி இருக்கும். எம் 4 என்ற கோளக் கொத்து (பந்து போல நெருங்கிய நட்சத்திரக் கூட்டம்) அதற்கு மேற்கே 1.3 டிகிரியில் இருக்கிறது. கேட்டையை ஃபைண்டரின் நடுவில் வைத்து, மேற்கே ஐபீஸ் வட்டத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் போதும். கிடைத்த பிறகு அதை உறுதிசெய்ய ஒரு அழகான வழி உண்டு. எம் 4, கேட்டை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே டெக்ளினேஷனில் இருக்கின்றன. எம் 4 ஆறு நிமிடம் முன்னால் போகிறது. அதனால் எம் 4ஐ நடுவில் வைத்துவிட்டுக் குழாயைத் தொடாமல் ஆறு நிமிடம் காத்திருந்தால், கேட்டை தானாகவே ஐபீஸுக்குள் வந்து நிற்கும். வரைபடத்தில் ரைட் அசென்ஷன் என்று மணி, நிமிடத்தில் எண்கள் போட்டிருப்பதன் பொருள் அப்போது கையால் தொட்ட மாதிரி விளங்கும்.

அடுத்தது, இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் பொருட்கள். ஹெர்குலிஸ் மண்டலத்தின் நாற்கரத்தில் மேற்குப் பக்கம் ஈட்டா, ஜீட்டா என்று இரண்டு நட்சத்திரங்கள். ஈட்டாவிலிருந்து ஜீட்டாவை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்தால் எம் 13. லைரா மண்டலத்தில் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே, பீட்டாவுக்குச் சற்று அருகில், எம் 57 என்ற வளைய நெபுலா. இது குறைந்த பெருக்கத்தில் நட்சத்திரம் போலவே தெரியும், கொஞ்சம் குவியம் தப்பிய நட்சத்திரம் போல. பலர் அதைப் பார்த்துக்கொண்டே, காணவில்லை என்பார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் நட்சத்திரம் எதுவும் குறிக்கப்படவில்லை, இங்கே ஒன்று தெரிகிறது, அப்படியானால் இதுதான் அது என்று தாள் சொல்லும். பிறகு பெருக்கத்தை நூறு, நூற்றைம்பது என்று ஏற்றினால் வளையம் விரியும்.

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவதற்குச் சிறந்த பாடம் ஆண்ட்ரோமெடா. மிராக் என்ற பீட்டாவில் தொடங்குங்கள். வடமேற்கே நான்கு டிகிரியில் மியூ, அதே போக்கில் இன்னும் மூன்று டிகிரி போனால் நியூ, அதற்கு மேற்கே 1.3 டிகிரியில் எம் 31. மூன்று தாவல்களும் ஃபைண்டரின் பரப்புக்குள் அடங்குகின்றன. ஒரு நட்சத்திரம் வெளியேறும் முன் அடுத்தது உள்ளே வந்துவிடும். தாவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் ஃபைண்டர் வட்டத்தைவிடச் சிறியதாக, ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கண்கூடான வடிவத்தோடு. ஒற்றை நட்சத்திரத்தை நம்பித் தாவாதீர்கள், எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரி புள்ளிதான். முக்கோணம், வளைந்த வரிசை, பக்கத்தில் ஜோடியாக இருக்கும் இரண்டு என்று வடிவத்தை நம்புங்கள். தேடலுக்கு முந்தைய நாளே பென்சிலால் வழியை வரைந்து, வழியில் வரும் வடிவங்களுக்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும்.

மிராக்கிலிருந்து எம் 31க்கு நேர் எதிர்த் திசையில், கிட்டத்தட்ட அதே ஏழு டிகிரி தூரத்தில் எம் 33 இருக்கிறது. இதைத் தேடும்போதுதான் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் பட்டியலை எப்படிப் படிப்பது என்று புரியும். எம் 33இன் பிரகாச எண் 5.7. எம் 57இன் எண் 8.8. எண்ணைப் பார்த்தால் எம் 33 பதினைந்து மடங்குக்கும் மேல் பிரகாசமானது. ஆனால் எம் 57 சுலபமாகத் தெரியும், எம் 33 படுத்தி எடுக்கும். ஏனென்றால் அந்த எண் மொத்த வெளிச்சத்தையும் ஒரே புள்ளியில் குவித்தால் எவ்வளவு என்று சொல்வது. எம் 57 ஓர் ஆர்க் நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அகலம். எம் 33 ஒரு டிகிரிக்கு மேல் நீண்டு கிடக்கிறது, பரப்பளவில் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அவ்வளவு இடத்தில் பரவிய வெளிச்சம் பின்னணி வானத்தோடு கரைந்துவிடும். அதனால் பட்டியலில் பிரகாசத்தோடு அளவையும் சேர்த்துப் படியுங்கள். பிரகாச எண் சிறியது, ஆனால் அளவு பெரியது என்றால் குறைந்த பெருக்கமும் நல்ல இருட்டும் தேவை என்று பொருள். எம் 33 ஒரு சாதாரண 10x50 பைனாகுலரில் இருட்டான வானத்தில் தொலைநோக்கியைவிடத் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான்.

குறியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான வரைபடங்களில் கேலக்ஸி நீள்வட்டம், கோளக் கொத்து சிலுவை போட்ட வட்டம், திறந்த கொத்து புள்ளி வட்டம், கோள்வடிவ நெபுலா நான்கு பக்கமும் கோடு நீட்டிய வட்டம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிவப்பு மையில் அச்சான குறிகள் சிவப்பு டார்ச்சில் மறைந்துவிடும். புத்தகம் வாங்கும் முன் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சிவப்பு டார்ச்சும் மங்கலாகவே இருக்கட்டும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதை ஒரு நொடியில் அழித்துவிடும். தாளைப் படிக்க ஒரு கண், ஐபீஸுக்கு ஒரு கண் என்று பிரித்துக்கொள்வதும் நல்ல பழக்கம். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்று விலகிப் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கல் வெளிச்சத்தை உணரும் செல்கள் இல்லை, அவை ஓரங்களில்தான் நிறைந்திருக்கின்றன. எந்தப் பக்கம் விலகுவது என்பதும் முக்கியம். பொருள் உங்கள் மூக்குப் பக்கம் இருக்கும்படி பாருங்கள், அதாவது வலது கண்ணால் பார்த்தால் பார்வையைப் பொருளுக்கு வலது பக்கமாக வையுங்கள். எதிர்ப்பக்கம் விலகினால் பொருள் கண்ணின் குருட்டுப் புள்ளியில் விழ வாய்ப்புண்டு. அப்படியும் சந்தேகமாக இருந்தால் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசைவைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

பட்டியல்களைப் பற்றியும் கொஞ்சம். மெசியர் வால்நட்சத்திரம் தேடியவர். 1758இல் ஒரு வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது ரிஷபத்தின் கொம்பருகே நகராத ஒரு மங்கலைப் பார்த்தார். அதுதான் எம் 1, நண்டு நெபுலா. ஜீட்டா டாரி நட்சத்திரத்துக்கு வடமேற்கே ஒரு டிகிரிதான், எளிதில் கிடைக்கும். இப்படி ஏமாற்றும் மங்கல்களைக் குறித்து வைத்ததுதான் அவருடைய பட்டியல். அவருக்கே தவறு நேர்ந்திருக்கிறது என்பது புதிதாகத் தேடுகிறவர்களுக்கு ஆறுதல். எம் 47இன் இடத்தைக் கணக்கிட்டபோது கூட்டல், கழித்தல் குறி மாறிப்போனதால், அவர் எழுதிய இடத்தில் எந்தக் கொத்தும் இல்லை. அது என்ஜிசி என்ற பிற்காலப் பட்டியலில் 2422ஆம் எண் கொத்துதான் என்று இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. மெசியர் பட்டியலுக்கு அடுத்து நீங்கள் போகப்போவது 1888இல் டிரேயர் தொகுத்த என்ஜிசி. அதில் 7840 பொருட்கள் இருக்கின்றன.

பழைய அட்லஸ் கிடைத்தால் பயன்படுத்தலாமா என்றால், தாராளமாக. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வானத்தின் கட்டங்கள் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் நகர்கின்றன. அட்டையில் 1950.0, 2000.0 என்று போட்டிருப்பது அந்தக் கணக்கு எந்த ஆண்டுக்கானது என்பதற்காக. நட்சத்திரமும் கேலக்ஸியும் சேர்ந்தே நகர்வதால், வடிவம் பார்த்துத் தாவுகிறவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. எண்களை வைத்துக் கருவியைத் திருப்புகிறவர்தான் ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

இனி கன்னி ராசி. வரைபடம் இல்லாமல் போனால் வழி தவறும் இடம் இதுதான், வரைபடத்தோடு போனால் வானத்திலேயே பெரிய விருந்தும் இதுதான். ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கேலக்ஸிக் கூட்டம். ஏப்ரல், மே மாத மாலைகளில் பார்க்கலாம். இங்கே பிரச்சினை தலைகீழாக இருக்கிறது: பிரகாசமான நட்சத்திரங்கள் குறைவு, மங்கல்கள் ஏராளம். ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம், கண்டுபிடித்தது எது என்று சொல்வதுதான் கஷ்டம்.

ஒரு வழி நேரடியானது. சிம்மத்தின் வாலில் இருக்கும் உத்திரம் நட்சத்திரத்தையும் கன்னியில் எப்சிலான் நட்சத்திரத்தையும் மனதில் ஒரு கோட்டால் இணையுங்கள். பதினெட்டு டிகிரி நீளம். அதன் நட்டநடுவில் எம் 84, எம் 86 இரண்டும் ஒரே ஐபீஸ் பரப்பில் இருக்கின்றன. சிவப்புப் புள்ளி ஃபைண்டர் இருந்தால் இது வேலை செய்யும். ஆனால் முதல் தடவையே இப்படிப் போனால், பார்த்தது அந்த ஜோடிதானா என்று சந்தேகம் வரும்.

எனக்குப் பிடித்த வழி கிழக்கிலிருந்து படிப்படியாக வருவது. எப்சிலானிலிருந்து மேற்கே ஐந்து டிகிரியில் ரோ என்ற ஐந்தாம் பிரகாச நட்சத்திரம். ஃபைண்டரில் எப்சிலான் ஒரு விளிம்பில் இருக்கும்போது ரோ மறு விளிம்பில் வந்துவிடும். ரோவிலிருந்து வடக்கே 1.4 டிகிரி போனால் எம் 60. அதற்கு மேற்கே அரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் எம் 59. ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கலாக, ஒரே பரப்பில் இரண்டு. இந்த ஜோடிதான் உங்கள் வாசல், இது உறுதியாகும் வரை மேலே போகாதீர்கள். இன்னும் ஒரு டிகிரி மேற்கே எம் 58. இங்கே நட்சத்திரங்களை விட்டுவிட்டு கேலக்ஸியிலிருந்து கேலக்ஸிக்குத் தாவத் தொடங்கியிருப்பீர்கள். எம் 58இலிருந்து மேற்கே, லேசாக வடக்கே, 1.8 டிகிரி போனால் எம் 87, வட்டமாக, நடுவில் பிரகாசமாக. 2019இல் ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் வெளியிட்ட, உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படம் இதன் மையத்தில் எடுத்ததுதான். அந்த இடத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் நேராக உங்கள் கண்ணுக்குள் வருகிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கொஞ்ச நேரம் வேறெதற்கும் நகரத் தோன்றாது. அங்கிருந்து வடமேற்கே ஒண்ணேகால் டிகிரியில் எம் 86, பக்கத்திலேயே எம் 84.

இந்த நடையின்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாளில் ஒரு சிறு டிக் போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். இடையில் வழி தவறினால், அங்கேயே துழாவ வேண்டாம். கடைசியாக டிக் போட்ட இடத்துக்குத் திரும்புங்கள், அதுவும் சந்தேகமாக இருந்தால் எப்சிலானுக்கே திரும்புங்கள். திரும்பிப் போவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். துழாவினால் அரை மணி போய்விடும், அப்போதும் நிச்சயம் இருக்காது.

நிலா இல்லாத அடுத்த இரவுக்கு முன்னால் பிளாஸ்டிக் வட்டத்தை வெட்டி வையுங்கள். அப்போது வானத்தில் விருச்சிகம் இருந்தால் எம் 4, ஹெர்குலிஸ் இருந்தால் எம் 13, ஆண்ட்ரோமெடா இருந்தால் எம் 31 என்று ஒன்றில் தொடங்கி, ஒரே இரவில் மூன்று பொருளுக்கு மேல் திட்டமிடாதீர்கள். கன்னிக்குள் நுழைவது இதிலெல்லாம் கை பழகிய பிறகு இருக்கட்டும்.